இரு வெள்ளை அறிக்கைகளும் திருமலை அடிவாரமும்

புது தில்லி: ஆந்திரப் பிரதேச அரசின் கடனும் நிலுவைகளும் சேர்ந்து 9.74 லட்சம் கோடி ரூபாய் என்று முதல்வர் சந்திரபாபு நாயுடு 2024-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி சட்டப்பேரவையில் வெள்ளை அறிக்கை வைத்தார். முந்தைய ஐந்தாண்டு ஆட்சியின் மீதான குற்றப்பத்திரிகையாகவே அது வாசிக்கப்பட்டது. முன்னாள் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி தரப்பு அந்தக் கணக்கை மறுத்தது. ஆனால் ஆந்திர அரசியலைத் தலைநகரிலிருந்து நெடுங்காலம் கவனித்து வருவோருக்கு அந்த அறிக்கை வேறொன்றை நினைவூட்டியது. இதே நாயுடு, முதன்முறை முதல்வரான சில மாதங்களில், 1996-இலும் மாநில நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டார்.

இரண்டு அறிக்கைகளும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: கஜானா காலி. அதைத் தொடர்ந்து செய்யப்பட்டவை மட்டும் நேர் எதிரானவை. 1996-க்குப் பின் அரிசி விலை உயர்ந்தது. மின் கட்டணம் உயர்ந்தது. பொதுத்துறை, கூட்டுறவு நிறுவனங்கள் பல மூடப்பட்டன அல்லது விற்கப்பட்டன. 2024-இல் முதியோர் ஓய்வூதியம் 3,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. தடையற்ற சந்தைப் பொருளாதாரத்தின் இந்திய முகம் என்று ஒரு காலத்தில் உலகமே கொண்டாடிய தலைவர் இப்படி மாறியது ஏன் என்பதற்கான விடை ஹைதராபாதின் கண்ணாடிக் கட்டடங்களில் இல்லை. அவர் பிறந்த மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணறுகளிலும், பால் கொள்முதல் நிலையங்களிலும், ரேஷன் கடைகளிலும் இருக்கிறது.

நாயுடு பிறந்த நாராவாரிப்பள்ளி, திருமலை அடிவாரத்தில் சந்திரகிரியை ஒட்டிய சிற்றூர். திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். 1978-இல் சந்திரகிரியிலிருந்துதான் முதலில் சட்டப்பேரவைக்குச் சென்றார், அதுவும் காங்கிரஸ் வேட்பாளராக. 1989 முதல் தமிழக எல்லையோரக் குப்பம் தொகுதி அவர் வசம் இருக்கிறது. ஆகவே, அவரது சீர்திருத்தங்களின் வரவு செலவைப் பார்ப்பதற்கு இந்த ஒரு மாவட்டமே போதும். (2022-இல் சித்தூர், திருப்பதி, அன்னமய்யா என அது பிரிக்கப்பட்டது. இங்கு பேசப்படுவது பழைய சித்தூர் மாவட்டம்.)

மாமனார் தந்த மூன்று வாக்குறுதிகள்

என்.டி.ராமராவ் 1994 தேர்தலில் பெரும் வெற்றி பெற்றபோது அவர் கையில் மூன்று வாக்குறுதிகள் இருந்தன. கிலோ 2 ரூபாய்க்கு அரிசி, விவசாயப் பம்புசெட்டுக்குக் குதிரைத் திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் மட்டுமே மின் கட்டணம், முழு மதுவிலக்கு. முதலிரண்டும் செலவைப் பெருக்கின. மூன்றாவது வருவாயை வெட்டியது. இவை மூன்றையும் ஒரே நேரத்தில் எந்த மாநிலக் கருவூலமும் நெடுநாள் தாங்கியிருக்காது என்பதில் ஐயமில்லை. 1995 செப்டம்பர் 1-ஆம் தேதி மாமனாரை அகற்றிவிட்டு முதல்வரான நாயுடு, 1996-இல் அரிசி விலையை 3.50 ரூபாயாக உயர்த்தினார். 1997-இல் மதுவிலக்கு தளர்ந்தது. பாசன வரி மும்மடங்கானது. விவசாய மின் கட்டணம் கூடியது.

இவ்வளவும் உலக வங்கிக் கடனுக்கு முன்பே நடந்தவை என்பது கவனிக்கத்தக்கது. எல்லாவற்றையும் வாஷிங்டன் திணித்தது என்ற பேச்சு பாதி உண்மைதான். மீதிப் பாதி, உள்ளூர்க் கஜானாவின் நிர்ப்பந்தம்.

உலக வங்கி 1997 ஜனவரியில் ஆந்திரத்துக்கென்றே ஒரு பொருளாதாரச் சீர்திருத்த அறிக்கை தயாரித்தது. 1998 ஜூனில் சுமார் 54 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. பல துறைகளுக்குமாகச் சேர்த்து ஒரே மாநிலத்துக்கு இவ்வளவு பெரிய தொகை தரப்பட்டது அப்போது புதுமை. அதைவிட வியப்பு, அது வந்த நேரம். பொக்ரானில் அணு ஆயுதச் சோதனை நடந்து ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன. இந்தியாவுக்கான கடன்கள் அமெரிக்கத் தலையீட்டால் ஒத்திவைக்கப்பட்டு வந்த வேளையில், கல்வி, சுகாதாரம் போன்ற அடிப்படைத் தேவைகளுக்கானது என்ற கணக்கில் ஆந்திரக் கடன் தப்பியது. அடுத்து 1999 பிப்ரவரியில் மின் துறைச் சீரமைப்புக்கு 21 கோடி டாலர். பத்தாண்டுகளில் மொத்தம் 100 கோடி டாலர் தரும் திட்டத்தின் முதல் தவணை அது. 2002-இல் மேலும் 25 கோடி டாலர்.

மாநிலம் நேரடியாக வெளிநாட்டுக் கடன் வாங்க இயலாது. கடனாளி மத்திய அரசே. வந்த டாலரை ரூபாயாக்கி, 70 சதவீதம் கடன், 30 சதவீதம் மானியம் என்ற விகிதத்தில் தில்லி அக்காலத்தில் மாநிலத்துக்கு அளித்து வந்தது. நாணய மாற்று இழப்பும் அப்போது தில்லிக்கே இருந்தது. எனவே உலக வங்கியின் ஒப்புதலைப் போலவே நிதியமைச்சகத்தின் நல்லெண்ணமும் முக்கியமாக இருந்தது. அதற்கு நாயுடுவிடம் வழி இருந்தது. 1998 மக்களவையில் 12 உறுப்பினர்கள், 1999-இல் 29 உறுப்பினர்கள். வாஜ்பாய் அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்த தெலுங்கு தேசம், அமைச்சர் பதவிகளைக் கேட்கவில்லை. மக்களவைத் தலைவர் பதவியை ஜி.எம்.சி.பாலயோகிக்குப் பெற்றது. மற்றபடி நிதியும், இந்திய உணவுக் கழகக் கிடங்கில் தேங்கிய அரிசியும்தான் கேட்டது. 'வேலைக்கு உணவு' திட்டத்தில் ஆந்திரம் பெற்ற பெரும் பங்கு அப்போது பிற மாநிலங்களின் பொறாமைக்கு உரியதாக இருந்தது. தமிழகக் கட்சிகள் இலாகாக்களை எண்ணிக் கொண்டிருந்த காலம் அது என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

பம்புசெட்டில் தொடங்கிய தகராறு

சீர்திருத்தத்தின் மையம் மின்சாரம். 1998-இல் இயற்றப்பட்ட மின் சீர்திருத்தச் சட்டத்தின்படி, 1999 பிப்ரவரி 1 முதல் மாநில மின்வாரியம் கலைக்கப்பட்டு உற்பத்திக்கு ஒரு நிறுவனம், மின்தொடருக்கு ஒரு நிறுவனம் என இரண்டாயிற்று. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசிடமிருந்து ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சென்றது. 2000-இல் விநியோகம் நான்கு நிறுவனங்களாகப் பிரிந்தது. அவற்றுள் தெற்குப் பகுதிக்கான நிறுவனத்தின் தலைமையகம் திருப்பதி. கிருஷ்ணா, குண்டூர் டெல்டா முதல் சித்தூர், கடப்பா வறள்நிலம் வரை அப்போது அதன் எல்லை இருந்தது.

இந்த ஒரே எல்லைக்குள் இருந்த வேறுபாடுதான் பின்னர் நேர்ந்த பலவற்றுக்கும் விளக்கம் தருகிறது. டெல்டா விவசாயிக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும். பாசன வரி மும்மடங்கானாலும் அது சிறு தொகையே. சித்தூரிலோ ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சொர்ணமுகி பெரும்பாலான மாதங்களில் மணல்தான். ஏரிகள் தூர்ந்த பின் பாசனம் ஆழ்துளைக் கிணற்றை நம்பியது. நீர்மட்டம் இறங்க இறங்க அதிகக் குதிரைத் திறனுள்ள மோட்டார் வேண்டும். கட்டணமோ குதிரைத் திறனின்படி. அதாவது, நிலத்தடி நீர் எங்கே அரிதோ அங்கேதான் மின் செலவு அதிகம். வறட்சிப் பகுதிகளுக்குச் சற்றுக் குறைந்த கட்டணம் வைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கிணறு வற்றிய ஆண்டிலும் கட்டண நோட்டீசு வரத்தான் செய்தது.

மறுபக்க வாதத்தையும் ஒதுக்கிவிட இயலாது. மீட்டர் இல்லாத பம்புசெட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் பத்து மணி நேரம் ஓட்டினாலும் கட்டணம் ஒன்றே. இறைப்பதைக் குறைக்க எவருக்கும் காரணமில்லை. நிலத்தடி நீர் இன்னும் ஆழத்துக்குப் போகும். மேலும், மீட்டர் இல்லாததால் விவசாயத்துக்கு எவ்வளவு மின்சாரம் போயிற்று என்பது வெறும் மதிப்பீடு. ஆலைகளிலும் நகரங்களிலும் நடந்த திருட்டும், பழுதடைந்த கம்பிகளின் இழப்பும் 'விவசாயப் பயன்பாடு' என்ற ஒரே தலைப்பில் மறைக்கப்பட்டன. கணக்கைத் தோண்டியபோது, விவசாயி பெயரில் எழுதப்பட்டதில் ஒரு பகுதி விவசாயியைச் சென்றடையவே இல்லை என்பது தெரிய வந்தது. 2000-இல் மின் திருட்டுக்குக் கடுமையான தண்டனை விதிக்கும் சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. நாயுடு அரசு செய்தவற்றில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட, ஆனால் மிகவும் நியாயமான நடவடிக்கை அது.

அதே ஆண்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் முதல் கட்டண ஆணை வந்தது. வீடுகளுக்கும் விவசாயத்துக்கும் கட்டணம் உயர்ந்தது. காங்கிரசும் இடதுசாரிக் கட்சிகளும் மூன்று மாதங்கள் மாநிலமெங்கும் கிளர்ச்சி நடத்தின. ஆகஸ்ட் 28-ஆம் தேதி சட்டப்பேரவையை நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் மீது ஹைதராபாத் பஷீர்பாகில் போலீஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். மூவர் உயிரிழந்தனர். மின் கட்டணத்தைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி, பேரவைத் துணைத் தலைவராக இருந்த கே.சந்திரசேகர ராவ் 2001 ஏப்ரலில் கட்சியை விட்டு விலகித் தெலங்கானா ராஷ்டிர சமிதியைத் தொடங்கினார். தனி மாநிலம் பிறந்ததற்கு மின் கட்டண ஆணையும் ஒரு சிறு காரணம் என்றால் மிகையாகாது.

இத்தனைக்கும் மின் விநியோகம் தனியார்மயமாகவில்லை. ஒரிசா 1999-இல் விநியோகத்தைத் தனியாருக்கு விற்றது. அவ்வாண்டுப் புயலுக்குப் பின் அமெரிக்க நிறுவனம் ஒன்று பாதியிலேயே விட்டுச் சென்றது. தில்லி 2002 ஜூலையில் தனியாருக்கு மாறியது. அங்கே இழப்பு பெருமளவு குறைந்தது. ஆந்திரமோ நிறுவனங்களாகப் பிரித்ததோடு நின்றுகொண்டது. விலையை மட்டும் சந்தை விலைக்கு அருகே கொண்டு செல்வது, சேவையை அரசு அமைப்பே தருவது என்ற அரைகுறை நிலை. வாடிக்கையாளருக்கு இரண்டிலும் கசப்பானது மட்டும் கிடைத்தது. கட்டணம் கூடிய ஆண்டில் மின்வெட்டு குறைந்திருந்தால், மின்மாற்றி எரிந்த மறுநாளே சரி செய்யப்பட்டிருந்தால் வாதம் வேறு விதமாகப் போயிருக்கும்.

குப்பத்தில் அந்நாளில் இஸ்ரேலியத் தொழில்நுட்பத்தில் சொட்டுநீர்ப் பாசனப் பண்ணை காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. சிறு நிலங்களை ஒன்றிணைத்து நடத்திய அத்திட்டத்தைப் பார்க்க விருந்தினர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். சந்தைப் பொருளாதாரத்தின் மாதிரிப் பண்ணை முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடந்தது என்பதை விருந்தினர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாலும் அரிசியும்

சித்தூர் விவசாயிக்கு நிலக்கடலை பொய்த்த ஆண்டிலும் கையில் காசு தருவது பால். சென்னைக்கு வரும் பாலில் இம்மாவட்டத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. அந்தப் பாலைக் கொள்முதல் செய்து வந்த சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை, நட்டம், ஊழியர் சுமை, கொள்முதல் பாக்கி என்று தள்ளாடி, 2002-இல் மூடப்பட்டது. பொதுத்துறை, கூட்டுறவு நிறுவனங்களை விற்பதற்கும் மூடுவதற்கும் தனிச் செயலகம் வைத்திருந்த அரசு அது; ஆகவே மூடியதில் அதிர்ச்சி இல்லை. ஆனால் நாயுடு 1992-இல் தொடங்கிய ஹெரிடேஜ் ஃபுட்ஸ் நிறுவனத்தின் முக்கியத் தொழில் பால் என்பதும், அதன் வேர் இதே மாவட்டத்தில் என்பதும் அரசியலில் தீராத குற்றச்சாட்டாயின. கூட்டுறவுப் பண்ணையைத் தன் குடும்ப நிறுவனத்துக்காகச் சாகவிட்டார் என்று எதிர்க்கட்சிகள் கூறின. நிர்வாகச் சீர்கேடே காரணம் என்று தெலுங்கு தேசம் மறுத்து வந்துள்ளது.

யார் சொல்வது சரி என்பதைவிட, பின் நடந்தது முக்கியம். தனியார் பால் நிறுவனங்கள் பல வந்தன, பால் கொட்டப்படவில்லை, வாங்க ஆளில்லாமல் போகவில்லை. அந்த அளவில் சந்தை வேலை செய்தது. இல்லாமல் போனது, விலைக்கு ஓர் அளவுகோல். தமிழகத்தில் ஆவின் கொள்முதல் விலையை உயர்த்தினால் தனியாரும் அதை ஒட்டி வரவேண்டியிருக்கிறது. ஆவின் வாங்கும் பாலின் அளவு மொத்தத்தில் சிறு பகுதியே என்றாலும், அது இருப்பதே பேரத்தில் விவசாயிக்குத் துணை. சித்தூரில் அந்தத் துணை இருபது ஆண்டுகளுக்கு மேல் இல்லை. 2023 ஜூலை 4-ஆம் தேதி அப்போதைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி, அந்தப் பண்ணையின் நிலத்தில் அமுல் நிறுவனத்துக்காக அடிக்கல் நாட்டினார். நாயுடுவின் சொந்த மாவட்டத்தில் கூட்டுறவைத் திரும்பக் கொண்டு வருவதாக அவர் அங்கே பேசியது பொருளாதாரத்தைவிட அரசியல்தான். ஆனாலும் கூட்டத்தில் எடுபட்டது.

அரிசியின் கதை சுருக்கமானது. விலைப் பட்டியலே சொல்லிவிடும். 1983-இல் ராமராவ் கொண்டுவந்தது 2 ரூபாய். 1996-இல் 3.50. 2000-இல் 5.25. ராஜசேகர ரெட்டி ஆட்சியில் 2008-இல் மீண்டும் 2 ரூபாய். 2011 நவம்பரில் 1 ரூபாய். அதைச் செய்த முதல்வர் கிரண்குமார் ரெட்டியும் சித்தூர் மாவட்டத்துக்காரரே. 2023 முதல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இலவசம். நாற்பது ஆண்டுகளில் விலையை ஏற்றியவர் ஆட்சியிழந்தார். இறக்கியவர்கள் பெயர் பெற்றார்கள். இதே காலத்தில் ஒரு கிலோ அரிசியை வாங்கி, கிடங்கில் வைத்து, கடைக்கு அனுப்ப அரசுக்கு ஆகும் செலவு ஒரு முறையும் குறையவில்லை.

அலிபிரியும் அதன் பிறகும்

2003 அக்டோபர் 1-ஆம் தேதி, பிரம்மோற்சவத்துக்குப் பட்டு வஸ்திரம் சமர்ப்பிக்கத் திருமலைக்குச் சென்ற நாயுடுவின் கார், அலிபிரி அருகே மக்கள் யுத்தக் குழுவினர் புதைத்த கண்ணிவெடியில் சிக்கியது. காயங்களுடன் உயிர் தப்பினார். அடுத்த மாதமே சட்டப்பேரவை கலைக்கப்பட்டது. அனுதாப அலை என்று தில்லியில் பலரும் கணக்குப் போட்டனர். தேர்தல் ஆணையம் உடனடியாகத் தேர்தல் நடத்தவில்லை; 2004 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் தொடர் வறட்சியும் விவசாயிகள் தற்கொலைச் செய்திகளும் அலையை விழுங்கின. 1,400 கிலோமீட்டருக்கு மேல் நடைப்பயணம் சென்ற ராஜசேகர ரெட்டி, விவசாயிக்கு இலவச மின்சாரம் என்ற ஒரே சொல்லை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்திருந்தார்.

மே 11-ஆம் தேதி முடிவு வந்தது. 294 இடங்களில் தெலுங்கு தேசத்துக்கு 47. மக்களவையில் 29-லிருந்து 5 ஆனது. வாஜ்பாய் அரசு வீழ்ந்ததில் இந்த ஒரு மாநிலத்தின் பங்கு பெரிது. திருப்பதி தனித் தொகுதியில் காங்கிரஸின் சிந்தா மோகன் வென்றார். ஆனால் எஞ்சிய ஐந்தில் ஒன்று சித்தூர் என்பதை அன்று பகுப்பாய்வு செய்தவர்கள் பெரிதாகக் கருதவில்லை. சொந்த மாவட்டம் முதல்வரை முழுதாகக் கைவிடவில்லை. குப்பமும் அவர் பக்கமே நின்றது. மண்ணின் மகன் என்ற பிடிப்பு, மின் கட்டண நோட்டீசை ஓரளவு மறைத்தது எனலாம். மே 14-ஆம் தேதி பதவியேற்ற ராஜசேகர ரெட்டி முதலில் கையெழுத்திட்டது இலவச மின்சாரக் கோப்பில்.

தமிழக வாசகர்களுக்கு இக்கதை புதிதல்ல. 2001-இல் நிதிநிலை வெள்ளை அறிக்கை வெளியிட்ட ஜெயலலிதா அரசு, 2003-இல் விவசாயிகளுக்கான இலவச மின்சாரத்தை நிறுத்திப் பணமாகத் தருவதாக அறிவித்தது. அவ்வாண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.70 லட்சம் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஒரே மூச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 2004 மே மாதத்தில் அதிமுக ஓர் இடம்கூடப் பெறவில்லை. முடிவு வந்த சில நாள்களிலேயே இலவச மின்சாரம் உள்ளிட்ட பல சலுகைகள் திரும்பி வந்தன. பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில், ஒரே தேர்தலில், ஒரே பாடம். சட்டப்பேரவைத் தேர்தல் இரண்டாண்டு தள்ளி இருந்ததால் ஜெயலலிதாவுக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைத்தது. நாயுடுவுக்கு அது கிடைக்கவில்லை.

ஆனால் 2004-இல் எல்லாமே தூக்கியெறியப்பட்டன என்பது சரியல்ல. ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. திருப்பதி மின் விநியோக நிறுவனம் இருக்கிறது. கணினிவழிப் பத்திரப் பதிவு நின்றது. 1999 ஜனவரியில் தொடங்கிய ரைத்து பஜார் நின்றது மட்டுமல்ல, அதே ஆண்டு நவம்பரில் தமிழகம் உழவர் சந்தை தொடங்கியபோது முன்மாதிரிகளில் ஒன்றாகவும் இருந்தது. குடிமக்களின் பையிலிருந்து எதையும் கேட்காத சீர்திருத்தம் எல்லாம் பிழைத்தது. கேட்டது எல்லாம் போயிற்று. 2014-இல் மீண்டும் முதல்வரான நாயுடு, விவசாயக் கடன் தள்ளுபடி வாக்குறுதியோடு வந்தார். ஓய்வூதியத்தை 200 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தினார். பாடத்தை அவர் நன்றாகவே கற்றிருந்தார். இலவசத்தின் செலவு எங்கே போயிற்று என்பது வேறு கேள்வி. அரசு தரவேண்டிய மானியம் தாமதமாகும்போது மின் நிறுவனம் கடன் வாங்கும். அதன் சுமை சில ஆண்டு கழித்து வீட்டு மின் கட்டணத்தில் ஈட்டுக் கட்டணமாக வந்து சேரும். 2024 டிசம்பரில் இத்தகைய கட்டணத்தை எதிர்த்து ஆந்திரத்தில் தெருவுக்கு வந்தது ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ்.

மலையில் இரண்டு வரிசைகள்

பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற கொள்கைக்கு இந்த மாவட்டத்தில் மிகப் பழைய, மிகப் பெரிய நடைமுறை ஒன்று உண்டு. அது மலைமேல் இருக்கிறது. திருமலையில் கட்டணமில்லாத சர்வ தரிசனம் ஒரு வரிசை. 300 ரூபாய் சிறப்பு நுழைவு மற்றொன்று. அதற்கு மேலும் நன்கொடை வழியாகச் செல்லும் வழிகள் உள்ளன. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 2025-26 நிதியாண்டு வரவு செலவுத் திட்டம் 5,258 கோடி ரூபாய். இலவச அன்னதானம் 1985 முதல் நாள்தோறும் நடக்கிறது. வசதியுள்ளவர் தருவதில் இல்லாதவருக்குச் சேவை என்ற ஏற்பாடு, உலக வங்கி சொல்வதற்கு முன்பே இங்கே இயங்கி வந்தது. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் உயர் சிகிச்சை மருத்துவமனை, அரசுக் கருவூலமும் சந்தையும் தராததை உண்டியல் தந்ததற்குச் சான்று.

ஆயினும் பணம் தராதவர் நேரத்தைத் தருகிறார். 2025 ஜனவரி 8-ஆம் தேதி இரவு, வைகுண்ட வாயில் தரிசனத்துக்கான இலவச டோக்கன் பெறத் திருப்பதியில் கூடிய கூட்ட நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பெண். இணையத்தில் 300 ரூபாய் கட்டியவர் எவரும் அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அரசு மருத்துவமனையிலோ கல்லூரியிலோ கட்டண வழி ஒன்றைத் திறக்கும்போது, இலவச வழியில் நிற்பவருக்கு என்ன நேரும் என்ற கேள்விக்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் தேவையில்லை.

நிபந்தனை இடம் மாறியது

1998-இல் சீர்திருத்த நிபந்தனை வாஷிங்டனிலிருந்து வந்தது. 2020-இல் அது தில்லியிலிருந்தே வந்தது. கொரோனா காலத்தில் மாநிலங்களின் கடன் வரம்பை மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்திய மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அதில் ஒரு பகுதியைச் சீர்திருத்தங்களோடு பிணைத்தார். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை, தொழில் தொடங்குவதில் எளிமை, நகராட்சிக் கட்டணங்கள், மின் விநியோகம் ஆகிய நான்கு. அரசமைப்புச் சட்டத்தின் 293-ஆவது பிரிவின்படி, மத்திய அரசுக்குக் கடன்பட்டிருக்கும் மாநிலம் அதன் ஒப்புதலின்றிக் கடன் வாங்க இயலாது. ஆகவே இது வேண்டுகோள் அல்ல. இந்த அதிகாரத்தின் எல்லையைக் கேட்டுக் கேரளம் 2023-இல் தொடுத்த வழக்கை, உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.

தெலங்கானாவின் சந்திரசேகர ராவ், பம்புசெட்டுக்கு மீட்டர் மாட்டுவதில்லை என்று கூடுதல் கடனை இழக்கத் துணிந்தார். ஜெகன்மோகன் ரெட்டி அரசு ஏற்றுக்கொண்டது. பம்புசெட்டுகளுக்கு மீட்டர் பொருத்தி மானியத்தை விவசாயி கணக்கில் செலுத்தும் திட்டம் ஸ்ரீகாகுளத்தில் முன்னோட்டமாகத் தொடங்கியது. 2021 ஏப்ரல் முதல் நகரங்களில் சொத்து வரி, வாடகை மதிப்புக்குப் பதிலாகச் சொத்தின் மூலதன மதிப்பில் கணக்கிடப்பட்டது. அப்போது மீட்டரை எதிர்த்துக் குரல் கொடுத்தது தெலுங்கு தேசம். இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்த இடங்களை இரு தரப்பும் மாற்றிக்கொண்டிருந்தன.

2024 ஜூனில் 16 மக்களவை உறுப்பினர்களோடு நாயுடு மீண்டும் தில்லிக்குத் தேவையானவரானார். அடுத்த மாத மத்திய பட்ஜெட்டில் அமராவதித் தலைநகருக்கு 15,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதற்கான பணம் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கியிடமிருந்தே. உலக வங்கி டிசம்பரில் 80 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது. இம்முறை அரிசி விலையையோ மின் கட்டணத்தையோ எவரும் கேட்கவில்லை.

சந்தைக்கான வழி இப்போது வேறு பக்கமாகத் திறந்திருக்கிறது. முந்தைய அரசு திட்டமிட்ட 17 அரசு மருத்துவக் கல்லூரிகளில், முடிக்கப்படாத 10 கல்லூரிகளை அரசு - தனியார் பங்கேற்பில் கட்டி நடத்துவது என்று 2025 செப்டம்பரில் முடிவெடுக்கப்பட்டது. முதல் நான்கில் ஒன்று, பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளி. அரசே கட்டினால் பல ஆண்டுகள் ஆகும், தனியார் வந்தால் விரைவில் முடியும் என்பது அரசின் வாதம். அதில் பொருளில்லாமல் இல்லை. நிதி இல்லாமல் பாதியில் நின்ற கட்டடம் எந்த நோயாளிக்கும் உதவாது. ஆனால் மதனப்பள்ளி வட்டாரத்து ஏழை நோயாளி இன்று கடும் நோய்க்குத் திருப்பதி அரசு மருத்துவமனைக்கோ வேலூருக்கோ பேருந்து ஏறுகிறார். நாளை ஊரிலேயே எழும் மருத்துவமனையில் அவருக்கு எத்தனை படுக்கை, எந்த வரிசை என்பதை ஒப்பந்தத்தின் வாசகமே முடிவு செய்யும். தனியார் என்ற சொல்லோ அரசு என்ற சொல்லோ அல்ல.

இதை எதிர்த்து ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஒரு கோடி கையெழுத்து இயக்கம் நடத்தி, 2025 டிசம்பர் 18-ஆம் தேதி ஆளுநர் அப்துல் நசீரிடம் மனு அளித்தது. 2000-இல் மின் கட்டணத்துக்கு எதிராகத் தெருவில் நின்றது ராஜசேகர ரெட்டியின் காங்கிரஸ். கையெழுத்து வாங்கியது, 2020-இல் பம்புசெட்டுக்கு மீட்டர் மாட்ட நிதியமைச்சகத்திடம் ஒப்புக்கொண்ட அவருடைய மகனின் கட்சி.